அலைவரிசையில் ஒரு பாதிரியார்

கேள்வி: பால்மரத் தோட்டத்தில் மின்பணியாளராக இருந்த என் மறைந்த தந்தையார், குறைந்த மின்சக்தியில் உலகோடு பேசக் கற்றுத்தந்த ஓர் ஆங்கிலேயப் பாதிரியாரைப் பற்றி அடிக்கடி சொல்வார். அவர் யார்?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: ஜார்ஜ் டாப்ஸ் அவர்களாகவே இருக்க வேண்டும். ஜி3ஆர்ஜேவி என்ற அழைப்புக்குறியால் வானொலி ஆர்வலர்கள் அறிந்த அவர், 1974-இல் குறைந்த சக்தி வானொலித் தொடர்பாளர்களுக்கான ஜி-கியூஆர்பி சங்கத்தைத் தொடங்கி, அதன் ‘ஸ்ப்ராட்’ இதழைப் பல்லாண்டுகள் தொகுத்து, 2019-இல் மறைந்தார். ஐந்து வாட்டுக்கு மிகாத சக்தியில் அனுப்பும் மோர்ஸ் ஒலிக்குறிப்பு, வானின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடக்கும் என்பதை, விலையுயர்ந்த கருவி வாங்க இயலாதவரும் சில டிரான்சிஸ்டர்களைப் பற்றவைத்துத் தாமே கண்டறியும்படி எளிய நடையில் எழுதியதே, என் மதிப்பில், அவருடைய பெரும் பணி. 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இரு மரங்களுக்கிடையே கட்டிய ஏறத்தாழ 20 மீட்டர் கம்பியே ஆன்டெனாவாகப் போதும். தோட்டத்தில் மரத்துக்கா பஞ்சம்! உங்கள் தந்தையாரின் கருவியோ குறிப்பேடுகளோ வீட்டில் இருந்தால், பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அதை மீண்டும் இயக்கி ஒலிபரப்ப விரும்பினால், தொடர்பு பல்லூடக ஆணையத்தின் உரிமம் முதலில் வேண்டும்.