அன்னபூரணியின் மற்றப் பெயர்

வணக்கம் ஐயா,

எங்கள் பூட்டனின் பெட்டிக்குள் ஒரு பாய்க்கப்பலின் பழைய படமும் பித்தளைத் திசைகாட்டியும் கிடைத்தன. படத்தின் பின்னால் ‘அன்னபூரணி, 1937’ என்று இருக்கிறது. கப்பல் அமெரிக்கா போனதாம். அந்தப் பெயரில் அமெரிக்கப் பத்திரிகைகளில் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. திசைகாட்டியைப் புளி போட்டு மினுக்கிவிட்டேன். படத்தை லேமினேட் செய்ய எண்ணம். 91 வயது அப்பம்மாவுக்குக் காது மந்தம் என்பதால் அவரைக் கேட்கவில்லை. இவற்றை எந்த அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாம்?

ஒரு வாசகர், டொரன்டோ

அன்புள்ள தம்பி,

படத்தை லேமினேட் செய்யாதீர்கள். ஒட்டினால் பிறகு உரிக்க முடியாது. புளி போட்டது பிழை, சரி, அது போகட்டும்.

1930இல் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய அந்த இரட்டைப் பாய்மரக் கப்பலை வாங்கிய வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன், ‘ஸ்வாப்’ என்ற 32 அடிப் படகில் உலகைச் சுற்றியவர். வாங்கியதும் தன் மனைவியின் பெயரை வைத்துவிட்டார். 1938 ஆகஸ்டில் மாசச்சூசெட்ஸின் குளொஸ்டர் துறைமுகத்துக்குள் நுழைந்தது ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’. தண்டையல் (கப்பலோட்டிகளின் தலைவர்) தம்பிப்பிள்ளை உட்பட ஐந்து வல்வெட்டித்துறையார் அதில் இருந்தார்கள். அங்கத்தைய தாள்களில் இந்தப் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

ஆனால் அப்பம்மாவைக் கேட்கவில்லை என்கிறீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. காது மந்தமென்றால் பக்கத்தில் இருந்து உரத்துக் கேட்கக் கூடாதா? ஒரு தாளில் பெரிதாக எழுதிக் காட்டக் கூடாதா? பழைய பத்திரிகை இன்னும் ஐம்பது வருடம் இருக்கும். அவர் இருப்பாரா?

எங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருந்தது. ரங்கூனுக்கு அரிசி ஏற்றப் போன அம்மாவின் பெரியப்பா எழுதிய கடிதங்கள். 1987இல் ஊரைவிட்டு ஓடியபோது அம்மா காணி உறுதியையும் நகையையும் எடுத்தார், பெட்டி நின்றுவிட்டது. திரும்பிப் போனபோது கறையான் மண்தான் மிச்சம். கப்பலின் பெயர் என்னவென்று அம்மாவை நான் ஒருநாளும் கேட்டதில்லை. எங்களுக்கு அது ‘பெரியப்பா கப்பல்’. இப்போது அம்மாவும் இல்லை. பெயர் தெரியாமல் எந்தப் பதிவேட்டைப் புரட்டுவேன்?

இந்த ஞாயிறே போங்கள் தம்பி. படத்தில் நிற்கும் ஒவ்வொருவரையும் விரலால் தொட்டு, யார், எந்த வீட்டார் என்று கேளுங்கள். அவர் சொல்வதை வேறொரு தாளில் எழுதுங்கள், படத்தின் முதுகில் பேனை படக் கூடாது. அருங்காட்சியகத்தைப் பிறகு பார்ப்போம். உங்கள் பூட்டன் அந்தப் படத்தில் எங்கே நிற்கிறார் என்று எனக்கும் எழுதுங்கள்.