மோட்டார் எத்தனை ஆம்பியர் எடுக்கும்? வாசகர் கேள்விகள்

தக்கலை வாசகர்: 10 எச்பி த்ரீ ஃபேஸ் மோட்டாரின் ஃபுல் லோடு கரன்ட் (முழுச் சுமையில் எடுக்கும் ஆம்பியர்) எவ்வளவு?

415 வோல்ட்டில் எச்பிக்கு சுமார் 1.4 ஆம்பியர், ஆக 14. மோட்டார் மேல் உள்ள தகட்டில் (நேம்பிளேட்) வேறு எண் இருந்தால் அதுதான் சரி.

தோவாளை வாசகர்: கிணற்று மோட்டார் எத்தனை ஆம்பியர் எடுக்கும்?

எத்தனை எச்பி? சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா? ஒன்றுமே எழுதவில்லையே! 1 எச்பி சிங்கிள் ஃபேஸ் என்றால் 6, 7 வரும். நேம்பிளேட்டைப் பார்த்து எழுதுங்கள்.

குலசேகரம் வாசகர்: ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலருக்கு 5 எச்பி மோட்டார். ஸ்டார்ட்டரில் உள்ள ஓவர்லோடு ரிலேயை (கரன்ட் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்துவது) 7.5 ஆம்பியரில் வைத்தால் அடிக்கடி ட்ரிப் ஆகிறது. மெக்கானிக் 10-க்குத் திருப்பிவிட்டார். இப்போது நன்றாக ஓடுகிறது. இப்படியே விடலாமா?

விடக் கூடாது. இந்த வேலையைச் செய்யாத மெக்கானிக்கை நம் மாவட்டத்தில் நான் இன்னும் பார்க்கவில்லை. உங்கள் மோட்டார் பாதி லோடில் 5 ஆம்பியர் எடுக்கிறது என்று வையுங்கள். ஓடும்போதே ஒரு ஃபேஸ் போனால் மீதி இரண்டு வயரிலும் எட்டரை, ஒன்பது ஏறும். 7.5-ல் இருக்கும் ரிலே விழுந்து (ட்ரிப் ஆகி) மோட்டாரை நிறுத்திவிடும்; 10-ல் இருப்பது பேசாமல் இருக்கும். இப்படி எரிந்த ஒரு டெல்டா மோட்டாரை (மூன்று காயிலையும் முக்கோணமாக இணைத்தது)ப் பிரித்துப் பார்த்தேன்: ஒரு ஃபேஸ் காயில் மட்டும் கரி, மற்ற இரண்டும் புதுசு போல.

ரிலே விழுந்தால் ரிலேயைத் திட்டாதீர்கள். ஷீட் ஓடும்போது மூன்று வயரிலும் தனித்தனியாக டாங் டெஸ்டர் (வயரைக் கவ்வி ஆம்பியர் காட்டும் மீட்டர்) போட்டுப் பாருங்கள். மாலையில் வோல்ட்டேஜ் 370-க்கு இறங்கினால் அதே லோடுக்கு 7.5 என்பது 8.4 ஆகும். ரோலர் இடைவெளி, பெல்ட் இறுக்கம், பேரிங் எல்லாம் பார்த்த பிறகு ரிலேக்கு வாருங்கள். அப்போதும் நேம்பிளேட் எண்ணைத் தாண்ட வேண்டாம்.

குளச்சல் வாசகர்: 15 எச்பி, ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் (ஸ்டாரில் கிளப்பி டெல்டாவுக்கு மாற்றுவது). ரிலேயை 21-ல் வைக்கலாமா?

ரிலே மெயின் லைனில் இருந்தால் 21. மோட்டாருக்குப் போகும் ஆறு வயரில் மூன்றில் இருந்தால், டெல்டாவில் அங்கே லைன் கரன்ட்டில் 0.58 பங்குதான் ஓடும் என்பதால், 0.58-ஆல் பெருக்கி 12. மெயினை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள்.

மார்த்தாண்டம் மாணவர்: 3.7 கிலோவாட்டுக்குக் கணக்குப் போட்டால் 6.3 வருகிறது. புத்தகத்தில் 7.4. எது சரி?

புத்தகம். 3700-ஐ 1.732, 415, பவர் ஃபேக்டர் 0.82 மூன்றாலும் வகுத்துவிட்டு நிறுத்திவிட்டீர்கள். எஃபிஷியன்சி 0.85-ஆலும் வகுக்க வேண்டும். 3.7 என்பது ஷாஃப்டில் கிடைப்பது, மீட்டரில் ஓடுவது அல்ல.