கால்வேயில் கருகிய உருளைக்கிழங்கு: மயில்துத்தம் தெளிக்கலாமா?

கேள்வி: ஐயா, அயர்லாந்தின் மேற்கே கால்வே அருகில் ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். நானும் கணவரும் செவிலியர்கள். வீட்டின் பின்னால் அரை ஏக்கர் புல்தரை இருக்கிறது. களிமண், தண்ணீர் எளிதில் வடியாது. வீட்டுக்கு வேண்டிய காய்கறியை மருந்தில்லாமல் நாங்களே விளைவிக்க ஆசை. சென்ற ஆண்டு ஏப்ரல் கடைசியில், சமையலுக்கு வாங்கிய ‘ரூஸ்டர்’ உருளைக்கிழங்கையே நட்டோம். ஜூலை வரை நல்ல செழிப்பு. ஆகஸ்டில் ஒரே வாரத்தில் செடிகள் கறுத்து நாற்றமெடுத்தன. பதறிப்போய் மறுநாளே தோண்டி மூட்டை கட்டினோம். பாதிக் கிழங்கு மூட்டையிலேயே அழுகிவிட்டது. மயில்துத்தமும் சலவைச் சோடாவும் கலந்து தெளிக்கும்படி பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்கிறார். தெளிக்கலாமா? ஊரிலிருந்து வெண்டை, கத்தரி விதை கொண்டுவந்தால் விளையுமா?

பதில்: அம்மா, உங்கள் செடியைத் தாக்கியது பின்பருவ இலைக்கருகல். நீலகிரியில் மழை மாதங்களில் உருளை விவசாயிகளின் தூக்கத்தைக் கெடுப்பதும் இதுதான். 1845இல் அயர்லாந்துக்குள் நுழைந்து, ஏழைகள் நம்பியிருந்த ‘லம்பர்’ என்ற ஒரே ரகத்தை ஆண்டுக்கணக்கில் அழித்ததும் இதே நோய். அந்தப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். ஏறத்தாழ அதே அளவு மக்கள் கப்பலேறினார்கள். அதனால் பக்கத்து வீட்டுப் பெரியவரின் பதற்றத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் அவர் சொல்லும் கலவை வேண்டாம். மயில்துத்தத்திலுள்ள தாமிரம் இலைமேல் படிந்து, விழுகிற நோய் வித்துகளை முளைக்கவிடாமல் தடுக்கும், அவ்வளவுதான். இலைக்குள் புகுந்துவிட்ட நோயை அது குணப்படுத்தாது. எனவே நோய் வருமுன்பே தெளிக்க வேண்டும்; மழை கழுவக் கழுவத் திரும்பத் தெளிக்க வேண்டும். தெளித்த தாமிரம் மண்ணிலேயே தங்கிச் சேரும், மண்புழுவுக்கும் கேடு. வீட்டில் கலக்கிய, பதிவு பெறாத கரைசலைப் பயிர் மருந்தாகத் தெளிப்பதை அங்குள்ள சட்டமும் ஏற்காது. மருந்தில்லாத தோட்டம் வேண்டும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அது நடக்கக்கூடியதுதான், ரகத்தையும் நடும் நாளையும் மாற்றினால் போதும்.

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. உங்கள் பகுதியில் 1200 சொச்சம்தான். ஆனால் சென்னைக்குச் சில வாரங்களில் கொட்டித் தீர்ப்பது, உங்களுக்கு ஆண்டு முழுதும் தூறலாக வருகிறது. கருகலுக்கு வேண்டியது கனமழை அல்ல, காயாத இலை. வெப்பம் 10 டிகிரிக்குக் குறையாமல், காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்துக்குக் குறையாமல் 12 மணி நேரம் தொடர்ந்தால் வித்து முளைக்கும் சூழல் தொடங்கிவிடுகிறது. ஆஸ்டின் போர்க் என்ற அயர்லாந்து வானிலையாளர் 1950களில் வகுத்த கணக்கு இது. அந்நாட்டு வானிலை நிலையமான மெட் ஏரன் கோடையில் கருகல் எச்சரிக்கை வெளியிடுவது இன்றும் இந்த அடிப்படையில்தான். மழை அறிவிப்பைவிட உங்களுக்கு அந்த எச்சரிக்கையே முக்கியம்.

ஜூன் பிறந்ததும் காலையில் தோட்டத்தைச் சுற்றிப் பாருங்கள். இலை நுனியிலோ ஓரத்திலோ வெந்நீர் பட்டதுபோல் கரும்பச்சைத் திட்டு, அதைச் சுற்றி வெளிறிய வளையம் தெரிந்தால் இலையைத் திருப்புங்கள். ஈரமான காலையில் திட்டின் விளிம்பில் வெண்மையாக மெல்லிய பூசணம் இருக்கும். சந்தேகம் தீரவில்லையென்றால் அந்த இலையை ஈரக்காகிதத்தோடு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மூடி ஓர் இரவு வையுங்கள்; கருகலானால் காலையில் வெள்ளை பூத்திருக்கும். வெயிலில் காய்ந்த நுனிக்கும் சத்துக்குறைவுப் புள்ளிக்கும் அப்படிப் பூக்காது.

இப்போது ரகத்துக்கு வருகிறேன். ‘ரூஸ்டர்’ நல்ல கிழங்குதான். கார்லோவிலுள்ள ஓக் பார்க் ஆராய்ச்சிப் பண்ணையில் உருவாகி 1990களின் தொடக்கத்தில் வெளிவந்தது. நாட்டிலேயே அதிகம் பயிராவதும் அதுதான். ஆனால் அதன் இலைக்குக் கருகலைத் தாங்கும் வலு போதாது. பெரிய விவசாயிகள் வாரம் தவறாமல் மருந்தடித்துக் காப்பாற்றுகிறார்கள். உங்களால் அது முடியாது, முடிய வேண்டியதும் இல்லை. கடையில் வாங்கும் சமையல் கிழங்கை நடுவதும் சரியல்ல, வைரஸ் நோய் அதோடு வந்துசேரும். சான்று பெற்ற விதைக்கிழங்காக வாங்குங்கள். இங்கிலாந்தில் உறவினர் இருந்தால் அங்கிருந்து தபாலில் வரவழைக்க நினைக்காதீர்கள். 2021 முதல் பிரிட்டனிலிருந்து விதைக்கிழங்கு அயர்லாந்துக் குடியரசுக்குள் வரத் தடை இருக்கிறது.

இரண்டு தவணையாக நடுங்கள். முதல் தவணைக்கு ‘ஓர்லா’ போன்ற முன்பருவ ரகம். பிப்ரவரியில் முட்டை அட்டையில் கண் மேல்நோக்க அடுக்கி, வெளிச்சமுள்ள குளிர்ந்த அறையில் குட்டையான தடித்த முளை விடும்வரை வைத்திருங்கள். அயர்லாந்துக்காரர்கள் மார்ச் 17, புனித பேட்ரிக் திருநாளை ஒட்டி நடுவது வழக்கம். உங்கள் களிமண் அப்போது சேறாக இருந்தால் ஏப்ரல் முதல் வாரம்வரை பொறுங்கள். ஜூன் கடைசியிலிருந்து தோண்டிச் சாப்பிடத் தொடங்கலாம். கருகல் உச்சத்துக்கு வருமுன் பெரும்பகுதி அடுப்புக்குப் போய்விடும். இரண்டாம் தவணை குளிர்கால இருப்புக்கு: ‘சார்போ மீரா’ அல்லது ‘கரோலஸ்’. அண்டைத் தோட்டங்கள் கறுத்து நிற்கும்போதும் சார்போ மீரா பச்சையாக நிற்பதைப் பார்ப்பீர்கள். மாவுத்தன்மை கூடிய கிழங்கு, பூரி மசாலாவுக்கு நன்றாக இருக்கும். குழம்பில் போட்டால் கரைந்துவிடும். 10 மீட்டர் வரிசையில் 20 கிலோ எடுத்தால் நல்ல விளைச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் வடியாத புல்தரையை முழுக்கக் கொத்தாதீர்கள். அந்த ஊர்ப் பழைய முறையே உங்களுக்குப் பொருந்தும். புல்லின் மேலேயே நான்கடி அகலத்துக்கு மட்கிய தொழு உரத்தைப் பரப்புங்கள். அதன்மேல் விதைக்கிழங்கை ஓரடி இடைவெளியில் வையுங்கள். இருபுறமும் மண்வெட்டியால் புல்லோடு கட்டியாக வெட்டி, புல் கீழே போகும்படி கவிழ்த்து மூடுங்கள். வெட்டிய இடம் வடிகாலாகிவிடும், கிழங்கு மேட்டில் நிற்கும். செடி ஒரு சாண் உயர்ந்ததும் வாய்க்கால் மண்ணை அள்ளி அணையுங்கள். பிறகு இன்னொரு முறை. இந்த மண் அணைப்பில் கஞ்சத்தனம் கூடாது. இலையிலுள்ள வித்தை மழைநீர் கீழே கழுவும்போது கிழங்கைக் காப்பது அந்த மண்தான். புதிதாகத் திருத்திய புல்தரையில் கம்பிப்புழு துளைபோடும்; ஆகவே செப்டம்பருக்குமேல் கிழங்கை மண்ணில் விட்டுவைக்காதீர்கள். கடற்கரையில் ஒதுங்கிய கடற்பாசி கிடைத்தால் இலையுதிர் காலத்தில் பாத்திமேல் பரப்பலாம். அதில் சாம்பல் சத்து (பொட்டாஷ்) நிறைய உண்டு, மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைவு. அள்ளுமுன் உள்ளூர் நிர்வாகத்திடம் அனுமதி கேட்டுவிடுங்கள். சுண்ணாம்பை உருளைப் பாத்திக்குப் போடாதீர்கள், கிழங்கில் சொறி கூடும்; அதை மறு ஆண்டு முட்டைக்கோசுக்கு வையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கருகல் வரலாம். இலையில் கால்வாசி கறுத்துவிட்டால் தயங்காமல் தழையைத் தரையோடு அறுத்து அப்புறப்படுத்துங்கள். அதன்பின் இரண்டு, மூன்று வாரம் கிழங்கைத் தொடக் கூடாது. மண்மேல் விழுந்த வித்துகள் அதற்குள் செத்துவிடும், தோலும் முற்றும். மறுநாளே தோண்டினீர்களே, அப்போது தழையிலிருந்த வித்தும் சேறும் நல்ல கிழங்கின்மேல் பட்டன. மூட்டையில் அழுகியதற்குக் காரணம் அதுதான். வெட்டிப் பார்த்திருந்தால் தோலுக்கடியில் செம்பழுப்பாகப் படர்ந்திருக்கும். அப்படிப்பட்ட கிழங்கு கம்போஸ்ட் குவியலுக்குப் போகக் கூடாது. கருகல் குளிர்காலத்தைத் தாண்டுவது பெரும்பாலும் உயிருள்ள கிழங்குக்குள் ஒளிந்துகொண்டுதான். நோய்க்கிழங்கை அழித்துவிடுங்கள். தோண்டாமல் விட்டது வசந்தத்தில் தானாக முளைத்தால் இரக்கப்படாமல் பிடுங்குங்கள். நல்ல கிழங்கைக் காய்ந்த நாளில் எடுத்து, காகித அல்லது சணல் மூட்டையில், வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை கொட்டிப் பார்த்துப் பொறுக்குவது அவசியம்.

மற்ற காய்கறிகளில் அதிகக் கவலை வேண்டாம். கேல் கீரை, லீக், பீட்ரூட், நூக்கோல், பட்டாணி எல்லாம் அந்தத் தட்பவெப்பத்துக்கென்றே பிறந்தவை. கேலும் லீக்கும் பனியிலும் நிற்கும். பூண்டை அக்டோபரில் ஊன்றிவிடுங்கள், குளிர் பட்டால்தான் பல் பிரியும். கொத்தமல்லியை ஜூனில் விதைத்தால் பதினேழு மணி நேரப் பகல் வெளிச்சத்தில் உடனே பூத்துவிடும். ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் விதையுங்கள். வெந்தயக் கீரை கோடை முழுதும் வரும். ஓடில்லா நத்தைதான் நிரந்தர எதிரி. இருட்டியபின் கைவிளக்கோடு போய்ப் பொறுக்குவதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது.

ஊர் விதை விஷயம். தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் விதையோ செடியோ கறிவேப்பிலையோ பையில் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி இல்லை. விலக்கு உள்ளவை தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஆகிய ஐந்து பழங்கள் மட்டும். கத்தரி, மிளகாய் விதை அங்கேயே கிடைக்கும். பிப்ரவரி கடைசியில் சன்னலோரம் நாற்றுவிட்டு, மே மாதம் பாலித்தீன் குடிலுக்கு மாற்றினால் விளையும். குடிலில் தக்காளியும் வைப்பீர்களானால் அதற்கும் இதே கருகல் வரும். பகலில் கதவைத் திறந்து வையுங்கள், தண்ணீரை வேரில் மட்டும் ஊற்றுங்கள். வெண்டைக்கு அந்தக் குடிலின் சூடும் போதாது. அதைக் கடையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.