தலைமுறைக்குத் தலைமுறை போர்வீரர்களின் சாதனங்களும் மனப்போக்கும் எப்படி மாறியிருக்கின்றன?

சாதனம் ஒரே ஆண்டில் மாறிவிடும். அதை நம்பி அணியும் மனம் மாறத்தான் ஒரு தலைமுறை ஆகிறது.

1914இல் பிரெஞ்சு, பிரிட்டிஷ் சிப்பாய்கள் துணித் தொப்பியோடுதான் போருக்குப் போனார்கள். எஃகு ஹெல்மெட் கைக்கு வந்தது 1915இல். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் அணிந்த எம்-1 ஹெல்மெட்டில் தாடை வார் இருந்தும், பலர் அதை மாட்டாமல் தொங்கவிட்டார்கள். குண்டு வெடிக்கும் அதிர்வில் ஹெல்மெட் பிய்த்துக்கொண்டு போனால் கழுத்தும் முறியும் என்ற பயம். அதனால் சுமார் 7 கிலோ இழுவிசையில் தானே விடுபடும் கொக்கியைச் செய்து கொடுக்க வேண்டியிருந்தது. இன்று ஹெல்மெட்டின் முன்பக்கம் இரவுப் பார்வைக் கருவி தொங்குகிறது. நான்கு முனை வாரை இறுக்காவிட்டால் ஹெல்மெட் கண்ணுக்கு மேல் சரிந்துவிடும். பின்பக்கம் எதிர் எடையும் தேவைப்படும்.

மார்புக் கவசமும் அப்படித்தான். கொரியப் போர்க்கால நைலான் கவசம் சிதறல்களைத் தடுத்தது. துப்பாக்கித் தோட்டாவைத் தடுக்கவில்லை. இப்போது தோட்டாவைத் தடுக்கக் கவசத்துக்குள் செருகும் நடுத்தர அளவு செராமிக் தகடு ஒன்று ஏறக்குறைய 2.5 கிலோ. அதன் மேல்விளிம்பு காறை எலும்புகளுக்கு நடுவில், கழுத்தடியிலுள்ள குழிக்கு நேராக நிற்க வேண்டும். வசதிக்காக வயிறு வரை இறக்கிவிட்டால் இதயத்திலிருந்து கிளம்பும் பெருங்குழாய்கள் வெளியே நிற்கும். தகடு கீழே விழுந்தால் உள்ளே விரிசல் விடலாம். வெளியே தெரியாது, எக்ஸ்ரேயில்தான் தெரியும். தகட்டைத் தரையில் எறியும் பழக்கம் இதனால்தான் ஆபத்து.

எடை குறைந்ததா என்றால், இல்லை. இன்றைய 5.56 மி.மீ. துப்பாக்கித் தோட்டா, பழைய 7.62 மி.மீ. தோட்டாவில் பாதி எடைதான். மிச்சமான எடையைக் கூடுதல் தோட்டாக்களும் பேட்டரிகளும் கவசமும் விழுங்கிவிட்டன. 2003இல் ஆப்கானிஸ்தானில் அமெரிக்கக் காலாட்படையினரின் சுமையை அளந்தபோது, சண்டைக்கான சுமையே சராசரியாக 29 கிலோவை ஒட்டி இருந்தது.

ஆனால் மனப்போக்கு அடியோடு புரண்டது டூர்னிக்கெட் விஷயத்தில். ரத்தப்போக்கை நிறுத்தக் கை காலை இறுக்கிக் கட்டும் பட்டை அது. ‘கட்டினால் கை கால் போய்விடும், வேறு வழியே இல்லையென்றால் மட்டும்’ என்பது பழைய பாடம். இப்போது கை காலிலிருந்து ரத்தம் பீறிட்டால் முதலில் எடுப்பதே அதைத்தான். காயத்துக்கு 5 முதல் 8 செ.மீ. மேலே, மூட்டைத் தவிர்த்துக் கட்ட வேண்டும். இறுக்குவதற்காக அதில் உள்ள தண்டைத் திருகுவதற்கு முன்பே பட்டையை இழுத்துத் தொய்வை முழுக்க எடுத்துவிட வேண்டும். அதிகம் பேர் தவறுவது இங்கேதான். தொய்வு இருந்தால் எத்தனை முறை திருகினாலும் தமனி அடைபடாது. சிரை மட்டும் அடைபட்டால் கசிவு முன்பைவிடக் கூடும். ரத்தம் நின்றதும் தண்டைப் பூட்டி, நேரத்தை எழுத வேண்டும். நிற்காவிட்டால் முதலாவதைத் தளர்த்தாமல் அதற்குப் பக்கத்திலேயே இரண்டாவதைக் கட்ட வேண்டும்.

இதை எந்தக் கையாலும் எட்டி எடுக்கும் இடத்தில் மாட்டிக்கொள்வது முக்கியம். பயிற்சியில் திரும்பத் திரும்பத் திருகிய டூர்னிக்கெட்டைக் களத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. பட்டை நைந்து, தண்டு பலவீனப்பட்டு, தேவைப்படும் நேரத்தில் உடையலாம்.