சண்டிகரைக் கட்டியவர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கல்லூரிச் சுற்றுலாவில் சண்டிகர் போய்வந்தோம். தலைமைச் செயலகத்தையும் சட்டமன்றத்தையும் பார்த்து மலைத்துப்போனேன். ஆனால் ஒரு கேள்வி. அப்போதுதான் விடுதலை பெற்ற நாடு பஞ்சாபின் புதிய தலைநகரை லெ கொர்பூசியே என்ற வெளிநாட்டுக் கட்டடக்கலைஞரிடம் ஒப்படைத்தது அடிமைப் புத்தி இல்லையா? அதே சமயம், குடிசையே இல்லாத நகரம் என்று எங்கள் ஆசிரியர் பெருமையாகச் சொன்னார். அப்படியானால் அவருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டாமா?

– ஒரு மாணவன்

அன்புள்ள தம்பி,

கொஞ்ச நாளாக நானும் சண்டிகரைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

அடிமைப் புத்தி விஷயத்தை முதலிலேயே முடித்துவிடுவோம். 1947-ல் பஞ்சாபின் தலைநகரான லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. கிழக்குப் பஞ்சாப் அரசு சிம்லாவில் ஒண்டிக்கொண்டிருந்தது. முதல் திட்டத்தை வரைந்தவர் அமெரிக்கரான ஆல்பர்ட் மேயர். அவரோடு வேலை செய்த கட்டடக்கலைஞர் நோவிட்ஸ்கி 1950-ல் விமான விபத்தில் இறந்த பிறகுதான் தாப்பர், வர்மா என்ற இரண்டு அதிகாரிகள் ஐரோப்பாவுக்கு ஆள் தேடிப் போனார்கள். அப்படிக் கிடைத்த கொர்பூசியே அவ்வப்போது வந்துபோனவர். அங்கேயே தங்கி வேலை பார்த்தவர்கள் பியர் ழான்னரே, மாக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ, அப்புறம் ஊர்மிளா யூலி சௌத்ரி, ஆதித்ய பிரகாஷ், எம்.என். சர்மா போன்ற நம் இளைஞர்கள். தெரிந்தவரிடம் வேலையைக் கொடுத்ததில் எனக்கு எந்த வெட்கமும் இல்லை. இதைப் பேசிப் பேசியே எழுபது வருடம் போய்விட்டது. போதும்.

ஆனால் 'குடிசையே இல்லாத நகரம்' என்று எழுதினாய் பார், அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

சண்டிகரில் அரசு அலுவலகம் ஒன்றில் கடைநிலை ஊழியராக இருந்த நண்பர் வீட்டில் நான் தங்கியிருக்கிறேன். சின்னச் செங்கல் வீடு. இரண்டு அறை, சமையலறை, குளியலறை, பின்னால் ஒரு முற்றம். செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய ஜாலிச் சுவர் வழியாகக் காற்று வரும், வெயில் துண்டு துண்டாகத் தரையில் விழும். பிரிவினையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்த அவருடைய அம்மா, முகாமிலிருந்து இப்படி ஒரு வீட்டுக்கு வந்து முதன்முதலில் குழாயைத் திறந்த நாளைப் பற்றிச் சொல்லும்போது அழுதுவிட்டார். அந்தக் குழாய்க்காக நான் சண்டிகரை என்றைக்கும் மதிப்பேன். முதலமைச்சர் முதல் பியூன் வரை வகை வகையாக வீடு வரைந்தார்கள். கடைசி வகையில்கூடத் தண்ணீரும் கழிப்பறையும் இருந்தன. அன்றைய இந்தியாவில் அது சாதாரண காரியம் இல்லை.

சரி, காங்கிரீட் சட்டியைத் தலையில் சுமந்த சித்தாளுக்கு எந்த வகை வீடு?

தலைமைச் செயலகத்தின் நீளம் 254 மீட்டர். கட்டுமான காலப் புகைப்படங்களைத் தேடிப் பார். மூங்கில் சாரத்தின் மேல் பெண்கள் வரிசையாகச் சட்டி சுமந்து ஏறிக்கொண்டிருப்பார்கள். அந்தச் சுவரைத் தொட்டாவது பார்த்தாயா? சென்ட்ரிங் பலகையின் மர ரேகை அப்படியே பதிந்திருக்கும். அந்தக் கலவையைச் சுமந்தவள் இரவில் படுத்தது தற்காலிகக் குடிசையில். வேலை முடிந்தால் அவள் போய்விடுவாள் என்று நினைத்தார்கள். நகரத்தில் வேலை முடியவில்லை, அவளும் போகவில்லை. அவள் இருந்த இடத்துக்கு 'ஆக்கிரமிப்பு' என்று பெயர் வைத்தார்கள். அப்படிப்பட்ட குடிசைப் பகுதியான நான்காம் எண் காலனியை இடித்துத் தள்ளியது 2022 மே 1 அன்று. தொழிலாளர் தினம், தம்பி! சிலருக்குச் சண்டிகரின் மலோயா பகுதியில் வாடகைக் குடியிருப்பு கிடைத்தது உண்மைதான். ஆனால் குடிசை இல்லாத நகரம் என்று உன் ஆசிரியர் சொல்வது இப்படி இடித்து இடித்து உண்டாக்கியதை. அதை நீ யோசிக்காமல் எழுதியிருக்கிறாய்.

நகரம் கட்ட நிலம் கொடுத்த ஊர்களின் கதையும் இதேதான். புரைல் கிராமம் இன்றும் 45-ஆம் செக்டருக்குள் நெரிசலாக இருக்கிறது. மற்ற பல ஊர்கள் மண்ணோடு போயின. ராக் கார்டன் என்ற சிலைத் தோட்டத்தைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே, போகவில்லையா? சட்டமன்றத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், அவரும் பாகிஸ்தான் பக்கத்திலிருந்து வந்தவர்தான், இடித்த ஊர்களின் குப்பையைச் சைக்கிளில் அள்ளிக்கொண்டுவந்து காட்டுக்குள் ரகசியமாகச் சிலைகள் செய்தார். அனுமதி கிடையாது. அதிகாரிகள் கண்டுபிடிக்கவே பல வருடம் ஆனது. நல்லவேளை, இடிக்கவில்லை. 1976-ல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். உடைந்த வளையல் துண்டுகளால் உடம்பு முழுக்க மூடிய பெண் உருவங்கள் அங்கே வரிசையாக நிற்கும். அதைப் பார்க்காமல் சண்டிகரைப் பார்த்துவிட்டேன் என்று யாரிடமும் சொல்லாதே.

நன்றி சொல்வதானால் தாராளமாகச் சொல். கொர்பூசியேவுக்கும் சேர்த்தே சொல். ஆனால் கல்லூரியில் அடுத்த திட்டம் வரையும்போது, அதைக் கட்டப்போகிற சித்தாளும் கொத்தனாரும் நிரந்தரமாகக் குடியிருக்கும் வீட்டையும் அதே தாளில் வரை. முற்றத்தோடு வரை. மதிப்பெண் குறைத்தார்கள் என்றால் வரைபடத்தை எனக்கு அனுப்பு, உன் ஆசிரியருக்கு நானே எழுதுகிறேன்.

அன்புடன்