தூக்கக் கண்ணோடு ஆலயத்தில் உட்காரலாமா?

கேள்வி: அம்மா, நான் மாட்டுத்தாவணி பக்கம் ஒரு பூக்கடைக்கு மல்லிகை கட்டிக் கொடுக்கிறேன். முகூர்த்தம் என்றால் ராத்திரி முழுக்க வேலை. ஞாயிறு முகூர்த்தமாக வந்துவிட்டால் ஆராதனைக்குப் போக முடிவதில்லை. அப்படியே போனாலும் பிரசங்கத்தில் தூங்கிவிடுகிறேன், பாட்டில் மனம் ஒட்டுவதில்லை. எங்கள் முதலாளியும் அதே சபைதான். முன்வரிசையில் நின்று கண்ணீரோடு பாடுவார், எங்கள் கூலியில் மட்டும் ஏதாவது காரணம் சொல்லிப் பிடித்துக்கொள்வார். கடவுளுக்கு நம் ஆராதனை எதற்கு? நான் போவதில் அர்த்தம் இருக்கிறதா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: அன்புச் சகோதரி, விடியும்வரை பூக்கட்டிவிட்டு, விரல் எரிச்சலோடு குளித்துச் சேலை மாற்றிக்கொண்டு ஆலயத்துக்கு வந்து உட்காருகிறீர்கள், அப்படியும் மனம் ஒட்டவில்லையே என்று வருத்தப்படுகிறீர்கள். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கண் அசந்துபோவதைப் பாவக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கடவுளுக்கு நம் ஆராதனை தேவையா என்றால், தேவையில்லை. 50ஆம் சங்கீதத்தில் அவரே சொல்கிறார், எனக்குப் பசித்தால் உன்னிடம் சொல்ல மாட்டேன், பூமியும் அதில் நிறைந்திருப்பதும் என்னுடையது என்று. நாம் பாடாவிட்டால் அவருக்கு ஒரு குறையும் இல்லை. தேவை நமக்குத்தான். வாரம் முழுக்க உங்களை எதை வைத்து மதிக்கிறார்கள்? எத்தனை கிலோ கட்டினாய், எத்தனை மணிக்குக் கொடுத்தாய், அவ்வளவுதான். அந்தக் கணக்கையெல்லாம் வெளியே விட்டுவிட்டு, என்னை உண்டாக்கினவர் ஒருவர் இருக்கிறார், நான் அவருடையவள் என்று முழங்கால் போட்டுச் சொல்கிற இடம் உங்களுக்கு வேறு எங்கே கிடைக்கும்? பழைய ஏற்பாட்டில் ஆராதனையைக் குறிக்க அதிகமாக வரும் எபிரெயச் சொல்லுக்கே குனிந்து பணிவது என்றுதான் பொருள். பவுலும் ரோமர் 12இல் உங்கள் சரீரங்களை ஜீவபலியாக ஒப்புக்கொடுங்கள், அதுவே புத்தியுள்ள ஆராதனை என்கிறார். சரீரம் என்றுதான் எழுதியிருக்கிறார், களைத்த சரீரம் ஆகாது என்று எங்கும் எழுதவில்லை.

ஆராதனையைப் பற்றி இயேசு சொன்ன மிக ஆழமான வார்த்தையை யாரிடம் சொன்னார் தெரியுமா? தண்ணீர்க் குடத்தோடு உச்சிவெயிலில் கிணற்றடிக்கு வந்த சமாரியப் பெண்ணிடம். இந்த மலையிலா, எருசலேமிலா, எங்கே தொழ வேண்டும் என்று அவள் கேட்கிறாள். ஆவியோடும் உண்மையோடும் தொழ வேண்டும் என்கிறார் (யோவான் 4). உண்மையோடு என்பதை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். ஆண்டவரே, இன்றைக்கு எனக்குப் பாட வரவில்லை, வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று சொன்னால் அதில் பொய் ஏதும் இல்லையே. யோபு பிள்ளைகளையெல்லாம் இழந்த அன்று சால்வையைக் கிழித்து, தலையைச் சிரைத்து, தரையில் விழுந்து பணிந்தார் என்று இருக்கிறது. அந்த ஆராதனையில் துள்ளலுக்கு எங்கே இடம்?

வீட்டிலேயே ஜெபித்துக்கொண்டால் போதாதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அடுத்து அந்த எண்ணம் வரும். எனக்கு வந்தது. என் கணவர் இறந்த மறு ஞாயிறு என்னைக் கட்டாயப்படுத்தித்தான் அழைத்துப் போனார்கள், கீர்த்தனைப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தேனே தவிர ஒரு வரி வாயில் வரவில்லை. பக்கத்தில் நின்ற வயதான அம்மா சுருதி பிசகிய குரலில், என் தோளில் ஒரு கை வைத்தபடி, எல்லா சரணமும் பாடி முடித்தார். அன்றைக்கு எனக்காகவும் சேர்த்து அவர்தான் பாடினார். நாலு சுவருக்குள் தனியாக இருந்திருந்தால் எனக்கு அது கிடைத்திருக்காது. உங்கள் சபையிலும் அப்படி யாராவது உங்கள் பக்கத்தில் நிற்பார்கள், ஒரு நாள் நீங்களும் இன்னொருத்திக்காகப் பாடுவீர்கள்.

நேரப் பிரச்சினைக்கு வருவோம். ஆதிக் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிறு வேலை நாள்தான், ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் 321இல் விடுமுறையாக்கும்வரை. அவர்களில் அடிமைகள் இருந்தார்கள், கூலிக்காரர்கள் இருந்தார்கள். 112 வாக்கில் பிளினி என்ற ரோம ஆளுநர் தன் பேரரசருக்கு எழுதிய கடிதத்தில், இவர்கள் குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடி கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள், பிறகு கலைந்துபோய்ச் சாப்பிட மறுபடி கூடுகிறார்கள் என்று குறிப்பிட்டிருக்கிறார். விடியுமுன் கூடுவது நம் ஊருக்கும் புதிதல்ல, எத்தனையோ ஆலயங்களில் அதிகாலை ஆராதனை இருக்கிறது. உங்கள் சபையில் இல்லையென்றால், பூ, காய்கறி, பால் என்று ராத்திரி வேலை பார்க்கிற நாலு பேர் சேர்ந்து ஆயரிடம் கேளுங்கள், மாதம் ஒரு முறையாவது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, அந்த ஞாயிறுகளை வேறு எதற்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

உங்கள் முதலாளி விஷயம். இது சின்ன விஷயம் இல்லை, நான் மழுப்பப் போவதும் இல்லை. ஆமோஸ் தீர்க்கதரிசி வழியாகக் கடவுள் பேசுகிறார்: உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று, நீதி வற்றாத நதியைப்போல் புரண்டு வரட்டும். வைகையில் தண்ணீர் வராதா என்று பாலத்தில் நின்று எட்டிப் பார்த்துப் பழகிய நமக்கு வற்றாத நதி என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டாம். யாக்கோபு நிருபம் இன்னும் நேராகவே சொல்கிறது, பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது, அது கர்த்தருடைய காதுக்குப் போய்விட்டது என்று. ஆகவே அவர் கண்ணீர் நிஜமா நடிப்பா என்று நீங்கள் ஆராய வேண்டியதில்லை, ஆனால் கூலியைக் கேட்க வேண்டும். தனியாகப் போகாதீர்கள். கூடப் பூக்கட்டுகிறவர்களோடு போங்கள், எந்த நாளில் எத்தனை கிலோ, எவ்வளவு பிடித்தார் என்று ஒரு நோட்டில் எழுதி எடுத்துப் போங்கள். அதற்கும் இறங்கி வரவில்லை என்றால் ஆயரையும் ஒரு மூப்பரையும் கூட்டிக்கொண்டு போங்கள், தனியாகச் சொல்லிக் கேட்காதவரிடம் இன்னும் ஓரிருவரைக் கூட்டிக்கொண்டு போகும்படி மத்தேயு 18இல் இயேசுவும் சொல்கிறார். அவர் முன்வரிசையில் நிற்கிறார் என்பதற்காக நீங்கள் வராமல் இருந்துவிடாதீர்கள்.