துருப்பிடித்த நம்பர் பிளேட் ஸ்க்ரூவைக் கழற்றுவது: கேள்வி பதில்

எண்ணெய் அடித்து உடனே திருப்பினேன். அசையவே இல்லை, தலை தேய ஆரம்பித்துவிட்டது. இன்னும் அழுத்தித் திருப்பலாமா?

வேண்டாம், அப்படியே நிறுத்துங்கள். ஒவ்வொரு தடவை நழுவும்போதும் பிடிமானம் குறைகிறது. தலையில் உள்ள பள்ளத்தை முதலில் ஊசியால் கிளறிச் சுத்தம் செய்யுங்கள். அங்கே இறுகிக் கிடக்கும் மண்ணும் துருவும்தான் டிரைவர் முனையை அடிவரை இறங்கவிடாமல் தடுக்கின்றன.

அடுத்தது எண்ணெய். சாதாரண டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டத்தான் அதிகம் உதவும். துருவுக்குள் ஊடுருவும் பெனட்ரேட்டிங் ஆயில் இதற்கு நல்லது. துரு பிடித்திருப்பது பிளேட்டுக்குப் பின்னால் இருக்கும் மரையில். முன்னால் அடிக்கும் எண்ணெய் அங்கே போகாமல் கீழே வழிந்துவிடும். அதனால் டிக்கிக் கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றிப் பாருங்கள். ஸ்க்ரூவின் வால் தெரிந்தால் அங்கே அடியுங்கள். தெரியாவிட்டால் எண்ணெயில் நனைத்த பஞ்சைத் தலைமேல் வைத்து டேப் ஒட்டி, ஓர் இரவு விட்டுவிடுங்கள்.

காலையில் பள்ளத்தை நிறைக்கிற அளவு பிட்டை (டிரைவரில் மாட்டும் முனையை) பொருத்தி, டிரைவரின் பின்புறத்தில் சுத்தியலால் நாலைந்து முறை தட்டுங்கள். உடம்பின் எடையைக் கொடுத்து முதலில் இறுக்கும் பக்கம் மயிரிழை திருப்புங்கள். ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தால் துருவின் பிடி விட்டது என்று அர்த்தம். பிறகு கழற்றும் பக்கம் கால் சுற்று, திரும்ப உள்ளே அரைக்கால் சுற்று என்று மாற்றி மாற்றிக் கொண்டு வாருங்கள். கிறீச்சிட்டால் மறுபடி எண்ணெய் விடுங்கள்.

இம்பாக்ட் டிரைவர் (அடி கொடுத்தபடியே திருப்பும் கருவி) பயன்படுத்தலாமா?

பின்னால் இரும்புத் தகடு இருந்தால் தாராளமாக. பிளாஸ்டிக் பம்பரில் கூடாது, விரிசல் விடும்.

ஜப்பான் கார். ஸ்டார் டிரைவர் மேலே ஏறி ஏறி நழுவுகிறது.

தலையில் சின்னதாக ஒற்றைப் புள்ளி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தர அளவு) வகை, சாதாரண ஸ்டார் டிரைவரின் பிலிப்ஸ் முனை அதில் முழுதாக உட்காராது. ஜே.ஐ.எஸ். பிட் வாங்கிக்கொள்ளுங்கள். தலை அறுகோணமாக இருந்தால் ஸ்டார் பள்ளத்தை மறந்துவிட்டு 10 மி.மீ. ஸாக்கெட்டைப் போடுங்கள். ஆறு முனை ஸாக்கெட்டாக இருக்கட்டும், பன்னிரண்டு முனை துருப்பிடித்த மூலைகளை உருட்டிவிடும்.

தலை முழுக்க உருண்டுவிட்டது. இனி டிரில்தானா?

அதற்கு முன் இரண்டு வழி இருக்கிறது. தலை வெளியே துருத்தி நின்றால் வைஸ் கிரிப்பால் (கவ்விப் பூட்டிக்கொள்ளும் பிளேயரால்) பிடித்துத் திருப்புங்கள். இல்லையென்றால் ஹேக்சா பிளேடால் தலையில் நேர்க்கோடாக ஒரு வெட்டுப் போட்டு, பட்டை டிரைவரால் முயலுங்கள்.

இரண்டும் பலிக்காவிட்டால்தான் டிரில். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். நடுவில் பஞ்ச் அடித்துச் சின்னக் குழி போட்டு, 3 மி.மீ. பிட்டில் துளை தொடங்குங்கள். எம்6 (6 மி.மீ. தடிமன்) ஸ்க்ரூ என்றால் பிறகு 6 மி.மீ. பிட். தலையின் தடிமன் அளவுக்கு பிட்டில் டேப் சுற்றிக்கொண்டால் ஆழமாகப் போகாது. தலை தனியாக வந்ததும் பிளேட்டை எடுத்துவிடலாம். இறுக்கம் போய்விடுவதால், மிச்சமிருக்கும் தண்டு பெரும்பாலும் பிளேயர் பிடிக்கே சுழன்று வந்துவிடும்.

எக்ஸ்ட்ராக்டரை (ஸ்க்ரூவில் துளையிட்டு, உள்ளே இறக்கிச் சுழற்றி எடுக்கும் கருவியை) கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது கடினமான எஃகு, உள்ளே முறிந்தால் சிக்கல். சாதாரண பிட் அதில் ஏறாது.

சுற்றிக்கொண்டே இருக்கிறது, வெளியே வரவில்லை.

ஸ்க்ரூவோடு பின்னால் உள்ள நைலான் கிளிப்போ நட்டோ சேர்ந்து சுழல்கிறது. பிளேட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் நெம்பியைச் செருகி வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்தபடியே திருப்புங்கள். பின்னால் கை போகுமானால் நட்டை ஸ்பானரால் பிடித்துக்கொள்ளுங்கள். அதுவும் முடியாவிட்டால் தலையை டிரில் செய்து எடுத்து, கிளிப்பைப் புதிதாக மாற்றிவிடுங்கள்.

சூடு காட்டலாமா?

நெருப்பு கூடவே கூடாது. பெயின்ட் வெந்துவிடும், பம்பர் உருகும், அடித்த எண்ணெயே பற்றிக்கொள்ளும். இரும்பு மரையாக இருந்தால், எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு 60 வாட் சால்டரிங் அயர்ன் முனையைத் தலையில் இரண்டு மூன்று நிமிடம் வைக்கலாம்.

மறுபடி இப்படி ஆகாமல் இருக்க?

அலுமினியப் பிளேட்டும் இரும்பு ஸ்க்ரூவும் உப்பு ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு வரும். துளையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருப்பது அதனால்தான். பொடியைத் தேய்த்து எடுத்து, தகடு வெளியே தெரியும் இடத்தில் டச்-அப் பெயின்ட் வையுங்கள். துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூ, நைலான் வாஷர், மரையில் கொஞ்சம் ஆன்ட்டி-சீஸ் பசை (மரை இறுகிப்போகாமல் தடுப்பது) போதும். பிளேட் ஆடாத அளவுக்கு இறுக்கினால் போதும்.

பழைய ஸ்க்ரூவைத் தூக்கிப்போடும் முன் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். புதியது நீளமாக இருந்தால் டிக்கிக் கதவுக்குள் ஓடும் வயரைக் குத்தும்.